உயரம் மாற்றத்தக்க மிதிவண்டி இருக்கைத் தண்டு

மிதிவண்டியின் சட்டத்துக்குள் செருகப்பட்டு, மேல்முனையில் இருக்கையைத் தாங்கி நிற்கும் குழாய் இருக்கைத் தண்டு. சைக்கிள் கடைகளில் இதை சீட் போஸ்ட் என்பார்கள். ஓட்டுபவரின் கால் நீளத்துக்கும் தடத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் தக்கபடி இதை ஏற்றி இறக்கலாம். ஸ்பேனரால் திருகைத் தளர்த்தி மாற்றுவது பழைய முறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியிலுள்ள விசையைக் கட்டைவிரலால் அழுத்தி மாற்றும் டிராப்பர் இன்றைய முறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்துசேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மலேசியாவின் ஜொகூர் மாநிலம் இந்த வரலாற்றைப் பல இடங்களில் தொடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் சைக்கிள் படை வந்து சேர்ந்த இடம் அது. சைக்கிள் உறுப்புகள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தடங்களில் மலைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. இருக்கையையும் கைப்பிடியையும் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றிய சைக்கிள்களில் சென்ற எட்டுச் சிறுவர்கள் 2017இல் உயிரிழந்ததும் அங்கேதான்.

உயரத்தின் கணக்கு

மிதிக்கும்போது கால் ஏறக்குறைய முழுதாக நீள வேண்டும். முழங்கால் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளக் கூடாது. மிதி கீழ்க்கோடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், குறுகிய நேரம் முழுமூச்சாக மிதிப்பவருக்கு மிதியிலிருந்து இருக்கை வரையிலான தூரம் உள்கால் நீளத்தின் 109 விழுக்காடாக இருப்பதே சிறந்தது என்று கண்டார்கள். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்டால் பரவிய இன்னொரு கணக்கு, மிதிக்கரங்கள் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேல்தளம் வரை அளக்கிறது: உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்க வேண்டும். உள்கால் 80 செ.மீ. உள்ளவருக்கு இது 70.6 செ.மீ. இருக்கை மிகத் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், அதே வேகத்துக்குக் கூடுதல் உழைப்பும் தேவைப்படும். மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும், கால் மிதியை எட்டிப் பிடிக்கத் தவிக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் சமதரைக்கும் ஏற்றத்துக்கும் உரியது. செங்குத்தான இறக்கத்தில் நிலைமை தலைகீழாகும். சரிவும் பிரேக்கும் சேர்ந்து எடையை முன்சக்கரத்தின் மீது தள்ளுகின்றன. உடலின் எடைமையம் முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைத் தாண்டிவிட்டால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாக வீசப்படுவார். இதைத் தவிர்க்க இடுப்பைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோக வேண்டும். மிதிப்பதற்கு ஏற்ற உயரத்தில் நிற்கும் இருக்கை அப்போது வயிற்றிலோ தொடையிலோ இடித்து வழிமறிக்கும். ஏறும்போது உயரமும் இறங்கும்போது தாழ்வும் ஒரே பயணத்தில் மாறி மாறித் தேவைப்படுகின்றன. இதற்கு விடை தேடியதுதான் இந்தத் தண்டின் வரலாறு.

திருகும் ஸ்பேனரும்

1870களின் உயர்சக்கர மிதிவண்டியில் இருக்கையின் உயரத்தை மாற்றும் கேள்விக்கே இடமில்லை. மிதி நேரடியாக முன்சக்கரத்தின் அச்சில் இருந்ததால், வாங்குபவரின் கால் நீளமே சக்கரத்தின் அளவைத் தீர்மானித்தது. உயரமானவர் பெரிய சக்கரம் வாங்கினார், குள்ளமானவர் சிறியது வாங்கினார். ஒருவருடைய வண்டி இன்னொருவருக்கு உதவாது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் மிதிவண்டி செயின் வழியே பின்சக்கரத்தை இயக்கியது. சக்கர அளவுக்கும் கால் நீளத்துக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. அதன் வழிவந்த வைரவடிவச் சட்டத்தில், செங்குத்தான குழாய்க்குள் இருக்கைத் தண்டு சறுக்கி ஏறி இறங்கும். வேண்டிய இடத்தில் ஒரு வளையப்பிடியும் திருகும் அதை இறுக்கும். ஒரே சட்டம் பலருக்குப் பொருந்தும் என்ற நிலை வந்த பிறகே மிதிவண்டி தொழிற்சாலைப் பேருற்பத்திக்கு ஏற்ற பண்டமாயிற்று.

ஆனால் தண்டு இறங்குவதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. இருக்கைக் குழாய் எவ்வளவு நீளமோ, அதற்குக் கீழே இருக்கை போகாது. ராலே, ஹெர்குலஸ் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளின் உயரமான சட்டங்களில் தண்டை முழுதாக இறக்கினாலும் சிறுவர்களுக்குக் கால் எட்டாது. தமிழ்ச் சிறுவர்கள் குரங்குப் பெடல் பழகியது இதனால்தான். ஒரு காலைச் சட்டத்தின் முக்கோணத்துக்குள் நுழைத்து, இருக்கையை அக்குளில் இடுக்கி, உடலைச் சாய்த்துக்கொண்டே அரை அரைச் சுற்றாக மிதிப்பார்கள். சட்டத்தின் கீழ் எல்லை என்னும் இந்தச் சிக்கல் நூறாண்டு கழித்து மலைச் சைக்கிள் வடிவமைப்பாளர்களையும் வந்து பிடித்தது.

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களிலும் கம்பம் எனப்படும் கிராமங்களிலும் ஓடியவை இத்தகைய கனமான வண்டிகளே. பால்வெட்டுக்குப் போகவும், பால்வாளி சுமக்கவும், பட்டணத்துக்குப் போய்வரவும் சைக்கிளே ஏழையின் வாகனம். பிரிட்டிஷ் வண்டிகளோடு விலை குறைந்த ஜப்பானிய வண்டிகளும் போருக்கு முன்பே மலாயாவில் ஏராளமாக விற்றன. 1941 டிசம்பர் 8 அன்று வடக்கே தரையிறங்கிய ஜப்பானின் 25ஆம் படைக்கு இது பெரிய உதவியாக அமைந்தது. ஒவ்வொரு டிவிஷனுக்கும் சுமார் 6,000 சைக்கிள்கள் இருந்ததாக அப்படையின் திட்டமிடல் அதிகாரி சுஜி மசனோபு எழுதியிருக்கிறார். உடைந்த உறுப்புக்கு மாற்று வழியிலுள்ள ஊர்களிலேயே கிடைத்தது, பற்றாக்குறைக்கு ஊராரின் வண்டிகளையும் பறித்துக்கொண்டார்கள். பறித்த வண்டியைத் தன் காலுக்கு ஏற்றதாக்க ஒரு ஸ்பேனர் போதும். 1942 ஜனவரி 14 அன்று கெமாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியரின் 2/30ஆம் பட்டாளம், சைக்கிளில் வந்த ஜப்பானியரைப் பாலம் கடக்க விட்டு, பின் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துத் தாக்கியது. ஆனாலும் முன்னேற்றம் நிற்கவில்லை. மூவாரும் பத்து பகாட்டும் வீழ்ந்தன. ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படை ஜொகூர் பாருவை விட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கி, தரைப்பாலத்தை உடைத்தது.

விரைவுப் பிடி

இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பஞோலோ 1930களின் தொடக்கத்தில் சக்கரத்தைக் கருவியில்லாமல் கழற்ற விரைவுப் பிடியை உருவாக்கினார். நெம்பை மடக்கினால் இறுகும், திறந்தால் தளரும். இதே உத்தி பின்னாளில் இருக்கைத் தண்டுக்கும் வந்தது. குடும்பத்தில் பலர் பகிரும் வண்டிக்கும் மடிப்பு வண்டிக்கும் அது பெரும் வசதி. 1970களில் ஆண்ட்ரூ ரிச்சி லண்டனில் உருவாக்கிய பிராம்ப்டன் மடிப்பு வண்டியில் தண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மடித்த பின் இருக்கையை முழுதாகக் கீழே இறக்கினால், மடிந்த சட்டம் விரியாமல் அதுவே பூட்டிவிடும்.

தண்டின் வரலாற்றில் திருப்பம் கலிபோர்னியாவின் மரீன் மாவட்டத்தில் நேர்ந்தது. 1976 அக்டோபர் 21 அன்று தொடங்கிய ரீபாக் என்னும் மலையிறக்கப் பந்தயங்களில் பழைய தடித்த டயர் வண்டிகளை இளைஞர்கள் உருட்டினார்கள். மேலே ஏறும்போது இருக்கை உயர வேண்டும், இறங்கும்போது தாழ வேண்டும். விரைவுப் பிடி இருந்தாலும் உச்சியில் ஒருமுறை, அடிவாரத்தில் ஒருமுறை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கையால் உயர்த்தும்போது இருக்கையின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் குழம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் முன்னணியில் இருந்த ஜோ பிரீஸ், ஜாஷ் ஏஞ்சலுடன் சேர்ந்து 1980களின் முற்பாதியில் ஹைட்-ரைட் என்ற உறுப்பை உருவாக்கினார். அது ஒரு வளைந்த எஃகுச் சுருள். ஒரு முனை பிடியின் திருகிலும் மறுமுனை தண்டிலும் மாட்டப்படும். ஓட்டிக்கொண்டே ஒரு கையைக் கீழே விட்டுப் பிடியைத் திறந்து, உட்கார்ந்து அழுத்தினால் இருக்கை இறங்கும், இறுக்கிவிடலாம். மீண்டும் திறந்து எடையை எடுத்தால் சுருள் இருக்கையைப் பழைய உயரத்துக்கே, முனை கோணாமல், தள்ளிவிடும்.

எளிமையிலும் துணிவிலும் ஹைட்-ரைட்டுக்கு ஈடான உறுப்புகள் மலைச் சைக்கிள் வரலாற்றில் குறைவு. ஆனாலும் 1990களில் அது மறைந்தது. அப்போது மலைச் சைக்கிள் என்றால் குறுக்குநாட்டுப் பந்தயம் என்றாகிவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் அந்தப் பந்தயமே சேர்ந்தது. எடை குறைப்பும் ஏற்ற வேகமும் வெற்றியைத் தீர்மானித்ததால், உயர்ந்த இருக்கையில் அமர்ந்தபடியே இறங்கக் கற்றுக்கொள்வதே திறமை எனக் கருதப்பட்டது.

டிராப்பர்

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உருவான கிராவிட்டி டிராப்பர், கையைக் கீழே கொண்டுபோகும் தேவையை நீக்கியது. இரு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும். உள்ளே சுருள்வில் மேலே தள்ளும். ஒரு முள் துளையில் விழுந்து உயரத்தைப் பூட்டும். கைப்பிடியிலுள்ள விசை கம்பி வழியாக முள்ளை இழுக்கும். 3 முதல் 5 அங்குலம் வரை இறங்கும் இந்தத் தண்டு கண்ணுக்கு அழகாக இல்லை, மண் புகாமலிருக்க ரப்பர் உறை போட்டுக்கொண்டது, ஆனால் உழைத்தது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் டர்னரின் மாவெரிக் நிறுவனம் ஸ்பீட்பால் என்ற தண்டைக் கொண்டுவந்தது; பின்னர் கிராங்க் பிரதர்ஸ் அதே வடிவமைப்பை ஜாப்லின் என்ற பெயரில் விற்றது. தைவானின் கைண்ட் ஷாக் போன்றவர்கள் சேர்ந்ததும் சந்தை விரிந்தது.

2010இல் ராக்‌ஷாக்ஸ் வெளியிட்ட ரிவெர்ப் என்ற தண்டு டிராப்பரைப் பெருவழக்காக்கியது. இதில் முள்ளும் துளையும் இல்லை. தண்டுக்குள் எண்ணெயும் அழுத்தக் காற்றும் ஒரு மிதவைப் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் உள்வால்வு திறந்து எண்ணெய் இடம்பெயரும். உடல் எடை இருக்கையை இறக்கும், எடை இல்லாவிட்டால் காற்றழுத்தம் உயர்த்தும். விசையை விட்டால் வால்வு மூடிக்கொள்ளும். எண்ணெய் அமுங்காத திரவம் என்பதால் இருக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். அலுவலக நாற்காலியின் வாயுத் தண்டைப் பார்த்தவருக்கு இதன் வேலை விளங்கிவிடும். பிஸ்டனின் அடைப்பு வளையம் தேய்ந்து காற்று எண்ணெய்க்குள் கலந்தால் மட்டும் இருக்கை பூட்டிய பிறகும் சிறிது அமுங்கி எழும்பும். இந்தப் பழுதைச் சரிசெய்யத் தண்டு முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்ததால், பிற்காலத்தில் பல தயாரிப்பாளர்கள் அடைத்த வாயுக் குப்பியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பழுதானால் குப்பியை மட்டும் மாற்றலாம்.

டிராப்பரின் பரவலுக்குத் துணைநின்ற இரண்டு மாற்றங்கள் வேறிடத்தில் நடந்தன. 2012இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுதி, முன்பக்கம் ஒரே பல்சக்கரத்தோடு வந்தது. இரண்டாண்டில் ஷிமானோவும் எக்ஸ்டிஆர் வரிசையில் அதே வழியைத் திறந்தது. முன்கியர் போனதும் கைப்பிடியின் இடப்பக்கம் காலியாயிற்று. கட்டைவிரலுக்கு எளிதில் எட்டும் அந்த இடத்தில் டிராப்பரின் விசை வந்து அமர்ந்தது. ஷிமானோவே இதற்கென விசைகளைச் செய்கிறது, அதன் துணைப் பிராண்டான புரோ டிராப்பர் தண்டுகளை விற்கிறது. மற்றொரு மாற்றம் சட்டத்தில் நேர்ந்தது. நீண்ட தண்டு உள்ளே போக இருக்கைக் குழாய் குட்டையாகவும் வளைவின்றியும் இருக்க வேண்டும். பழைய கீழ் எல்லையை உடைக்க, சட்டமே தாழ்ந்து கொடுத்தது. தொடக்கத்தில் 125 மி.மீ. பெரிது எனப்பட்டது, இன்று 200 மி.மீ.க்கு மேல் இறங்கும் தண்டுகள் உண்டு. விட்ட அளவுகளில் 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. வழக்கில் நிலைத்துவிட்டன. கம்பியைச் சட்டத்துக்குள் மறைத்து இழுப்பது 2012ஐ ஒட்டிப் பரவியது. 2019இல் கம்பியில்லாமல் மின்கலத்தால் இயங்கும் ரிவெர்ப் ஏஎக்ஸ்எஸ் வந்தது. சாதாரணத் தண்டைவிட டிராப்பரின் எடை ஏறக்குறைய இரு மடங்கு என்பதே பந்தயக்காரர்களின் நெடுநாள் தயக்கம். குறுக்குநாட்டுப் பந்தயத் தடங்களில் பாறை இறக்கங்களும் குதிப்புகளும் கூடியதும் அந்தத் தயக்கமும் தளர்ந்தது.

ஜொகூரின் தடங்களில்

ஜொகூரில் உயர்ந்த மலைகள் அதிகமில்லை. 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை, பூலாய் மலை, குளுவாங்கின் லம்பாக் மலை போன்ற சிலவே உண்டு. மாநிலத்தின் பெரும்பகுதி அலையலையான மேடுபள்ளம். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காட்டுத் தடங்களிலும், செம்பனைத் தோட்டப் பாதைகளிலும் ஏற்றம் சில நிமிடங்களில் முடிந்து இறக்கம் தொடங்கிவிடும்; அதுவும் முடிந்ததும் மறுபடி ஏற்றம். நீண்ட மலையிறக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி இருக்கையை இறக்கிக்கொள்ளலாம். நிமிடத்துக்கொரு முறை மாறும் தடத்தில் அது நடக்காது. டிராப்பரின் பயன் ஆல்ப்ஸ் போன்ற பெருமலைகளைவிட இத்தகைய குறுமேட்டு நிலத்தில்தான் அடிக்கடி உணரப்படுகிறது.

மழையும் செம்மண்ணும் இந்தத் தண்டுக்குப் பகை. பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு, சறுக்கும் குழாயின் பின்புறத்திலும் கழுத்து வளையத்திலும் போய்ப் படியும். காய்ந்த பின் அந்த மண்துகள் ஒவ்வோர் இறக்கத்திலும் அடைப்பு வளையத்தைத் தேய்க்கும். ஓட்டி முடித்ததும் தண்டை உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, கழுத்து வளையத்தைத் திருகித் தூக்கி உள்ளே சிறிது கிரீஸ் தடவுவது ஆயுளை நீட்டும். தண்டு இறங்கியிருக்கும்போது இருக்கையைப் பிடித்து வண்டியைத் தூக்கக் கூடாது. எண்ணெய்-காற்று வகைகளில் அடைப்பு வளையத்தைத் தாண்டிக் காற்று உறிஞ்சப்படலாம். இருக்கை நடுவில் சிக்கி ஏறாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தின் வளையப்பிடி. அளவுக்கு மிஞ்சி முறுக்கியிருந்தால் வெளிக்குழாய் நசுங்கி உட்குழாயைக் கவ்விக்கொள்ளும். அரைச் சுற்றுத் தளர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

சாதாரணத் தண்டுக்கும் கவனம் வேண்டும். எஃகுச் சட்டத்துக்குள் அலுமினியத் தண்டை ஈரப்பதமான ஊரில் பல ஆண்டு அசைக்காமல் விட்டால், இரு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு ஏற்பட்டு, உப்பிய அரிப்புப் படிவு தண்டைச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிடும். செருகும் முன் கிரீஸ் தடவி, ஆண்டுக்கொரு முறை வெளியே எடுத்தால் இது வராது. தண்டில் பொறித்த குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தினால் சட்டம் பிளக்கும் ஆபத்து உண்டு. வளரும் பிள்ளைகளின் வண்டியில் இந்தக் கோட்டை அவ்வப்போது பார்ப்பது பெற்றோரின் வேலை.

சைக்கிள் ஓடும் இடம் மட்டுமல்ல, அதன் உறுப்புகள் உருவாகும் இடமும் ஜொகூர். டிராப்பர் விசைகளைச் செய்யும் ஷிமானோ 1921இல் ஒசாகா அருகே சகாயில் தோன்றிய நிறுவனம். 1973இல் சிங்கப்பூரிலும், 1990ஐ ஒட்டி ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாசிலும் உற்பத்தியைத் தொடங்கியது. அன்னாசிக்குப் பெயர்பெற்ற அந்தச் சிற்றூரிலிருந்து சைக்கிள் உறுப்புகள் உலகச் சந்தைக்குப் போகின்றன.

தாழ்ந்த உடலும் கூடும் வேகமும்

இருக்கையைத் தாழ்த்துவதற்கு இன்னொரு காரணம் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. உடல் தாழ்ந்து முன்பரப்பு சுருங்கினால் அதே சரிவில் வேகம் ஏறும். சாலைப் பந்தய வீரர்கள் இறக்கத்தில் சட்டத்தின் மேற்குழாயில் குந்தி உட்காரும் முறையை உலகச் சைக்கிள் ஓட்டச் சங்கம் பாதுகாப்புக் கருதி 2021 ஏப்ரல் முதல் தடைசெய்தது. அடுத்த ஆண்டு, 2022 மார்ச் 19 அன்று, மிலான்–சான் ரேமோ பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் மதேய் மொஹோரிச் டிராப்பர் தண்டைப் பொருத்திக்கொண்டு போஜ்ஜோ குன்றின் இறக்கத்தில் அனைவரையும் விலக்கி வென்றார். விதிக்குள் நின்று, இருக்கையில் அமர்ந்து, இரு கைகளும் பிரேக்கில் இருக்கும்படியே அவர் உடலைத் தாழ்த்தினார்.

இதே தாழ்வை வேறு விதமாகத் தேடியவர்கள் மலேசிய நகரங்களின் சிறுவர்கள். லாஜாக் சைக்கிள் என்று அழைக்கப்படும் வண்டி பெரும்பாலும் சிறுசக்கர வண்டி. இருக்கையைச் சட்டத்தை ஒட்டும்படி தாழ்த்தி, கைப்பிடியையும் இறக்கி, பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். இருக்கையில் வயிற்றை வைத்துப் படுத்து, கால்களைப் பின்னே நீட்டி, இரவில் நகரச் சாலையின் இறக்கத்தில் கூட்டமாகப் பாய்வார்கள். நிறுத்துவதற்கு இருப்பது செருப்பின் அடிப்பாகம் மட்டும்.

2017 பிப்ரவரி 18 அதிகாலை 3 மணியளவில் ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் இத்தகைய கூட்டத்தின் மீது ஒரு கார் மோதியது. 13 முதல் 16 வயது வரையிலான எட்டுச் சிறுவர்கள் இறந்தார்கள். காரை ஓட்டிய பெண் மீதான வழக்கு ஆறாண்டு நீண்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும், உயர்நீதிமன்ற உத்தரவால் தொடர்ந்த விசாரணைக்குப் பின் 2021 அக்டோபரிலும் அவரை விடுவித்தது. 2022 ஏப்ரல் 13 அன்று உயர்நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி அவரை விடுதலை செய்தது. நாடு முழுவதும் விவாதம் கார் ஓட்டுநருக்கும் பெற்றோருக்கும் இடையே பொறுப்பைப் பிரிப்பதிலேயே சுழன்றது. வண்டியை என்ன செய்திருந்தார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

பொறியியல் நோக்கில் வேறுபாடு தெளிவானது. டிராப்பர் இருக்கையைத் தாழ்த்தும்போது ஓட்டுபவர் மிதிகளின் மேல் நின்று, எடையைப் பின்னுக்கு நகர்த்தி, பிரேக்கைக் கூடுதலாகப் பிடிக்க முடிகிறது. அதுவே இந்த உறுப்பு பிறந்த காரணம். லாஜாக்கில் உடல் முன்னோக்கிப் படுத்துக் கிடக்கிறது, கால் மிதியில் இல்லை, தலை முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது, பிரேக் அறவே இல்லை. தாழ்வு வேகத்தை மட்டும் தருகிறது, கட்டுப்பாட்டை முற்றாகப் பறிக்கிறது. மலேசியக் காவல்துறை அந்த விபத்துக்குப் பிறகும் ஜொகூர் உட்படப் பல மாநிலங்களில் லாஜாக் வண்டிகளைப் பறிமுதல் செய்து வருகிறது. சட்டம் வெட்டப்படாமல் தப்பிய வண்டிகளை மீண்டும் சாலைக்கு உரியதாக்க முன்பின் பிரேக்குகள் திரும்பி வர வேண்டும். இருக்கைத் தண்டை ஓட்டுபவரின் உள்கால் நீளத்துக்கு ஏற்ப உயர்த்தி, செருகல் கோடு மறையும்படி இறுக்க வேண்டும்.